ஒரே அச்சில் வார்த்த தூண்கள்: செட்டிநாட்டு வீடொன்றைக் கேமராவால் அளந்த அனுபவம்

கணினித் திரையில் எழுந்து வந்த வீட்டில் தூண்கள் பாதிதான் இருந்தன. வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியின், கிழக்குத் தூண் வரிசைப் பத்தியையும் மேற்குப் பத்தியையும், புகைப்படங்களைக் கோத்து வீட்டைக் கட்டும் மென்பொருள் ஒன்றெனக் கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தது. மேற்குப் பத்தி நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெளி. வேடிக்கை என்னவென்றால், கணக்கில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் படங்களும் பொருந்திவிட்டதாக அறிக்கை சொன்னது. சராசரிப் பிழை ஒரு பிக்சலுக்கும், அதாவது படத்தின் ஒரு சிறு புள்ளிக்கும், கீழே இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர் அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்.

பழைய வீடுகளுக்கு அளவு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நாடாவும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து அளந்து பழகிய கை. இந்த வீடு காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. ஊர்ப்பெயர் சொல்லாததற்குக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு. சிலர் சென்னையில், சிலர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில். கூரைச் சரிவுகள் கூடும் கூடல்வாய் ஒழுகி ஒரு உத்தரம் தொய்ந்துவிட்டது. மராமத்துக்கு எவ்வளவு ஆகும், யார் பங்கில் எது வருகிறது என்று பேசுவதற்கு முன் எல்லோரும் ஒரே வீட்டைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். “படமாகப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை தம்பி, சுற்றிப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்டவர் வீட்டில் தங்கியிருக்கும் மூத்த ஆச்சி. லேசர் ஸ்கேனர் பல லட்சம் விலையுள்ள கருவி. கையில் இருந்ததோ சாதாரணக் கேமரா ஒன்று, கைபேசி ஒன்று, ஒரு முக்காலி. அவற்றை வைத்தே ‘டிஜிட்டல் இரட்டை’ என்று இப்போது சொல்கிறார்களே, கணினிக்குள் வீட்டின் மறு உரு, அதைச் செய்து பார்க்க இறங்கினோம்.

படங்களிலிருந்து கட்டடத்தை அளக்கும் யோசனை புதிதல்ல. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்துத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழப் பார்த்துத் தப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சுவரேறுவதற்குப் பதில் புகைப்படத்திலிருந்தே அளவெடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போட்டோகிராமெட்ரி என்ற பெயரும் அவர் வழியாகவே வழக்குக்கு வந்தது. ஏணிமேல் நின்று உத்தரத்தின் அடிப்பக்கத்தை நாடாவால் தொட முயன்ற எவருக்கும் அவர்மீது தனிப் பாசம் வரும்.

அவர் காலத்தில் எந்தப் புள்ளி எந்தப் படத்தில் எங்கே விழுந்திருக்கிறது என்று மனிதர் கண்ணால் தேடினார்கள். இன்று அதை மென்பொருள் தேடுகிறது. ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் சிறு அடையாளங்களை, அதாவது ஒரு கறை, ஓர் ஆணித் தலை, பெயர்ந்த காரையின் விளிம்பு போன்றவற்றை, ஆயிரக்கணக்கில் பொறுக்கி எடுக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறை இதற்குப் பெரிய திறப்பாக அமைந்தது. கோணமும் தூரமும் மாறினாலும் அதே கறையை அடையாளம் காண அது வழி செய்தது. அடையாளங்கள் பொருந்தியதும், ஒவ்வொரு படமும் எங்கிருந்து எந்தப் பக்கம் பார்த்து எடுக்கப்பட்டது என்பதையும், அந்தக் கறை முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. 2009இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் ஊர் பேர் தெரியாதவர்கள் ஏற்றியிருந்த ஒன்றரை லட்சம் படங்களை வைத்து ரோம் நகரத்துக் கட்டடங்களை ஒரு நாளுக்குள் மீட்டெடுத்துக் காட்டினார்கள்.

அப்படியிருக்க ஒரு செட்டிநாட்டு வீடு ஏன் படியவில்லை? ரோமின் கொலோசியம் வெயிலில் நிற்கும் சொரசொரத்த கல். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம் உண்டு. செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்களோ இந்த முகங்கள் தெரியக் கூடாது என்றுதான் உழைத்திருக்கிறார்கள். தூண்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோலக் கடைந்தவை. முகப்பில் நின்று பார்த்தால் பின்வாசல்வரை ஒரே நேர்கோடு. இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம். தரையில் ஆத்தங்குடி டைல்ஸ்; அதே பூ, அதே கரை, வரிசைக்கு வரிசை. சுண்ணாம்புக் காரையில் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர், கை வைத்தால் பளிங்குபோல் சில்லென்றிருக்கும். அதில் ஒரு புள்ளி கிடையாது. நாம் எதை நினைத்து வியக்கிறோமோ அதுதான் மென்பொருளைக் குழப்புகிறது. படங்களைப் பொருத்தும் வேலை தானியங்கியாக நடக்கலாம். ஆனால் வீடு எங்கே ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் என்பது வீட்டை அறிந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே கேமராவை எடுக்கும் முன் வீட்டை ஒருமுறை வெறுங்கையோடு சுற்றி வந்து, எந்த இரண்டு இடங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தத் தாள்தான் படப்பிடிப்புக்கான திட்டம்.

மடிந்து கிடந்த வளவை விரிக்கச் செய்தித்தாள் உதவியது. தூணுக்கு ஒரு பக்கம் என்று பழைய நாளிதழ்களைப் பிரித்து, தூணின் அடிக்கல்லில் சாய்த்து வைத்தோம். எழுத்தும் படமும் நிறைந்த நாளிதழைப் போல அடையாளம் மிகுந்த பொருள் வேறில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. காவலுக்கு இருந்த பெரியவர் பழைய இதழ்க் கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தவற்றில் ஒரே நாள் இதழ் இரண்டு பிரதி இருந்தன. ஒரே பக்கத்தை எதிரெதிர்த் தூண்களில் வைத்திருந்தால் மடிப்பை நாமே உறுதிப்படுத்திக் கொடுத்ததாகியிருக்கும். நல்ல வேளையாக இரண்டிலும் அதே நகைக்கடை விளம்பரம் இருந்ததைப் பார்த்து ஆச்சியே எடுத்துப் போட்டார்.

செய்தித்தாளைவிடச் சீரான வழியும் உண்டு. மெட்டாஷேப், ரியாலிட்டிஸ்கேன் போன்ற மென்பொருள்கள் குறியீட்டு அட்டைகளை அச்சிட்டுக்கொள்ள விடுகின்றன. வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு வளையத் துண்டுகள் உள்ள, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொண்ட அட்டைகள். படத்தில் அவை தென்பட்டதும் மென்பொருள் தானே எண்ணைப் படித்துக்கொள்ளும். ஏ4 தாளில் அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும். தாள் வளைந்தால் பயன் குறையும்.

ஒட்டுவது பற்றி இன்னொன்று. மெருகேற்றிய காரைச் சுவரில் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மேல்தோல் கூடவே வந்துவிடும். அப்படி ஒரு திட்டைத் திரும்ப மெருகேற்றத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. ஏற்கெனவே இருக்கும் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிடலாம். நாற்காலியில் சாய்த்து வைக்கலாம். வெற்றுச் சுவர் மட்டும்தான் படத்தில் விழும் என்றால், அதன் எதிரே சற்றுப் பின்வாங்கி, மேலே உத்தரமும் கீழே தரையும் சேர்ந்து விழும்படி எடுக்க வேண்டும். சுவரைச் சுவராலேயே பொருத்த முடியாது. விளிம்புகளில் உள்ளவை அதைப் பிடித்து நிறுத்தட்டும்.

மினுமினுப்பு வேறொரு தொல்லை. பளபளக்கும் தரையில் தெரியும் சாளரத்தின் பிம்பம், நாம் நகர நகரத் தானும் நகரும். அது தரையில் ஒட்டியிருக்கும் ஒரு பூ அல்ல என்று மென்பொருளுக்குத் தெரியாது. கணக்குப் போட்டு, தரைக்குக் கீழே ஒரு சாளரம் இருப்பதாக முடிவு கட்டிவிடும். பெல்ஜியக் கண்ணாடிகள் மாட்டியிருந்த கூடத்தில் சுவருக்கு அப்பால் இன்னொரு கூடமே முளைத்தது. கண்ணாடிகளை வேட்டியால் மூடிவிட்டுத்தான் மறுபடி எடுத்தோம். தரைக்கு, லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி பெருமளவு கைகொடுக்கும். பிளாஷை அணைத்தே வைக்க வேண்டும். அது கேமராவோடு சேர்ந்து நகரும் விளக்கு. ஒவ்வொரு படத்திலும் நிழல் வேறு பக்கம் விழும். மினுக்கம் வேறு இடத்தில் உட்காரும். இருட்டான அறையில் விளக்கு வேண்டுமென்றால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கேமரா மட்டும் நகரட்டும்.

வெளிச்சம் என்று வரும்போது, நடு வளவு வெட்டவெளி, சுற்றியுள்ள பத்திகள் அரையிருட்டு. உச்சி வெயிலில் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க எந்தக் கேமராவாலும் ஆகாது. ஒன்று வெளுத்துப்போகும், இல்லையென்றால் மற்றது கறுத்துப்போகும். வெயில் ஏறும் முன் காலையில், அல்லது மூட்டமான நாளில் எடுப்பதே நல்லது. எங்களுக்கு மழைக்காலத்துக்கு முந்திய மேகம் வாய்த்தது. வெயில் நிழலின் கோடு தரையில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தொடங்கிய பத்தியை முடித்துவிட்டுத்தான் காபிக்குப் போக வேண்டும்.

இனி நடை. இந்த வேலையில் புதிதாக இறங்குபவர் எல்லோரும் செய்வது, அறையின் நடுவில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றி எடுப்பது. பார்க்க நிறைவாக இருக்கும்; ஆழம் மட்டும் கிடைக்காது. நின்ற இடத்திலேயே திரும்பினால் கேமராவின் இருப்பிடம் மாறுவதில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பார்ப்பதுபோலத்தான். கால் நகர வேண்டும். சுவருக்கு முதுகு கொடுத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, நண்டு நடையாகப் பக்கவாட்டில் போக வேண்டும். நான் பயன்படுத்திய கேமராவின் சென்சார் 23.5 மில்லிமீட்டர் அகலம். படத்தின் அகலம் 6000 பிக்சல். லென்ஸ் 18 மில்லிமீட்டர். 3 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 4 மீட்டர் அகலச் சுவர் ஒரு படத்தில் விழுகிறது. முக்கால் மீட்டருக்கு ஒரு படம் என்று நகர்ந்தால் அடுத்தடுத்த படங்கள் 80 சதவீதம் ஒன்றையொன்று மூடும். அதே தூரத்தில் ஒரு பிக்சல் என்பது சுவரில் சுமார் 0.65 மில்லிமீட்டர். 10 மீட்டர் தள்ளிப்போனால் 2 மில்லிமீட்டருக்கு மேலாகிவிடும். மயிரிழை விரிசலைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு கிட்டே போக வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். சென்சாரின் அகலத்தைப் படத்தின் அகலத்துப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்து, தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் முடிந்தது.

ஒரே உயரத்தில் ஒரு சுற்று போதாது. இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, உத்தரத்தை அண்ணாந்து பார்த்து ஒன்று. தூணின் தலையில் உள்ள போதிகையைக் கீழிருந்து எடுத்தால் மேல்முகம் தெரியாது. அந்த இடம் முப்பரிமாண மாதிரியில் ஓட்டையாகவே வரும். முக்கியமான இடம் நிலைவாசல். அறைக்குள் எடுத்த படங்களும் பத்தியில் எடுத்த படங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நின்றால் மென்பொருள் அவற்றை இரண்டு தனி வீடுகளாக வைத்துவிடும். கதவைத் திறந்து வைத்து, வெளியே இரண்டடி தொலைவிலிருந்து தொடங்கி, நிலையில் நின்று, உள்ளே இரண்டடி போய், அடிக்கு ஒரு படமாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரும்போது வெளியைப் பார்த்தும் அப்படியே. வீட்டைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே வந்து முடிப்பதும் அவசியம். சுற்று மூடினால்தான் வழிநெடுகச் சேர்ந்த சிறுசிறு பிழைகளைப் பங்கிட்டுக் கழிக்க மென்பொருளுக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

கைபேசி போதுமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு அறைக்கும் ஒரு வாசற்கதவுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் கைபேசி அளவுக்கு மீறிய சாமர்த்தியம் கொண்டது. கிட்டே போனால் கேட்காமலே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். இருட்டில் பல படங்களைக் கலந்து ஒன்றாக்கும். நடுக்கத்தைச் சரிசெய்கிறேன் என்று ஓரத்தை வெட்டும். கண்ணுக்கு அழகு, கணக்குக்குக் கேடு. கையால் இயக்கும் வசதியுள்ள செயலி ஒன்றில் முதன்மை லென்ஸை மட்டும் வைத்து, ஃபோகஸ், எக்ஸ்போஷர், நிறச்சமன் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். ஜூம் கூடாது. கேமராவென்றால் லென்ஸ் துளையை எஃப் 8, ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 200 என்று வைத்து, முக்காலியில் நிறுத்தி, இரண்டு வினாடி டைமரில் எடுத்தால் இருட்டுப் பத்தியிலும் கூர்மை குறையாது. வீடியோ எடுத்து அதிலிருந்து படங்களைப் பிரித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். ஓடுகிற அவசரத்துக்கு ஆகும்; அளவெடுக்கும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படங்கள் மட்டும் இருந்தால் வீட்டின் வடிவம் கிடைக்கும், அளவு கிடைக்காது. அது அரண்மனையா பொம்மை வீடா என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. ஆசாரியிடம் நேரான தேக்கு ரீப்பர்கள், அதாவது மெல்லிய மரச்சட்டங்கள், சில வாங்கி, இரு முனையிலும் குறியீட்டு அட்டை பதித்து, இடையே உள்ள தூரத்தை எஃகு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டோம். வீடு முழுக்க அங்கங்கே தரையிலும், சில சுவரில் சாய்த்தும் வைத்தோம். பாதியை மட்டும் மென்பொருளுக்குச் சொல்லி, மீதியைச் சரிபார்ப்பதற்கென்று ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிறகு யாரைக் கேட்டுச் சரிபார்ப்பது?

நிலைகுத்துக்குப் பழைய வழியே. வளவின் மூலையில், தாழ்வாரத்து மரத்திலிருந்து வெள்ளை நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமல் இருக்கக் கீழே ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தோம். நூலில் மேலும் கீழும் இரண்டு சிறு அட்டைத் துண்டுகள். அந்த இரண்டு புள்ளிகளையும் நிலைகுத்துக் கோடாகக் காட்டியதும் மாதிரி நிமிர்ந்து நின்றது. சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு இது இல்லாமல் விடையே கிடையாது. ஒரு சுவரை ‘நேர்’ என்று வைத்துக்கொண்டு மற்றதை அளந்தால், சாய்ந்தது எது என்று எப்படிச் சொல்வது?

கூரையை நாட்டு ஓட்டின்மேல் ஏறி எடுக்க முடியாது. காலடிக்கு ஒரு ஓடு போகும். பெயின்டர்கள் பயன்படுத்தும் நீட்டுக் கம்பின் முனையில் கைபேசியைப் பொருத்தி, சில வினாடிக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்து, வளவிலிருந்தும் மாடியிலிருந்தும் தூக்கிப் பிடித்து எடுத்தோம். ட்ரோன் விடுவதாக இருந்தால் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளைப் படித்து, அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

மென்பொருள் விஷயத்தில் ஏழைக்கும் வழியிருக்கிறது. கோல்மேப், மெஷ்ரூம் இரண்டும் இலவசம். மெஷ்ரூமுக்கு என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தால்தான் அடர்த்தியான மாதிரி ஒழுங்காக வரும். ரியாலிட்டிகேப்சர் என்ற பெயரில் இருந்து இப்போது ரியாலிட்டிஸ்கேன் ஆகியிருக்கும் மென்பொருளை, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் உள்ளவர்கள் 2024 முதல் காசின்றிப் பயன்படுத்தலாம். நம்மில் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டும் அபாயத்தில் இல்லை.

எதைப் பயன்படுத்தினாலும், படங்கள் பொருந்தியதும் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். அந்தக் கட்டத்தில் திரையில் தெரிவது நொய்யரிசி தெளித்ததுபோன்ற புள்ளிக்கூட்டம்தான். ஆனால் பிழையெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மாதிரியைத் திருப்பி, தரை ஒரு கோடாகத் தெரியும்படி பக்கவாட்டில் பாருங்கள். ஒரு கோடு தெரிந்தால் நலம். இரண்டு கோடுகள் ஒரு சாண் இடைவெளியில் தெரிந்தால் சுற்று எங்கோ மூடவில்லை. பிறகு மேலிருந்து பாருங்கள், தூண்களை எண்ணுங்கள். முகப்பு நிலையிலிருந்து பின்வாசல் நிலைவரை நீள அளவை நாடா அளவோடு ஒப்பிடுங்கள். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளின் தூரம் எப்போதும் சரியாகத்தான் வரும். வளைவும் முறுக்கும் நீள அளவில்தான் வெளிப்படும். சராசரிப் பிழை பிக்சலில் குறைவாக இருப்பதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சரிபார்த்த மாதிரியிலிருந்து தரைப்படமும் குறுக்குவெட்டுத் தோற்றமும் எடுத்தபோது வீடு தன்னைப் பற்றி நிறையப் பேசியது. வளவின் மூலைகள் செங்கோணமில்லை. அது எப்போதும் அப்படித்தான். பத்தித் தரை முற்றத்தை நோக்கி மெல்லச் சரிகிறது, மழைச் சாரல் வடிவதற்கு. தொய்ந்தது என்று நினைத்த உத்தரத்தோடு, அதன் இணை உத்தரமும் அரை அங்குலம் இறங்கியிருந்தது. கண்ணுக்குப் படாத இறக்கம். ஆசாரியிடம் வெட்டுத் தோற்றத்தை அச்சிட்டுக் காட்டினேன். அவர் உத்தரத்தை விட்டுவிட்டு, அது உட்கார்ந்திருந்த சுவர்த் தலைப்பைத் தொட்டு, “தண்ணீர் இங்கேதான் இறங்கியிருக்கிறது” என்றார். மரத்தை மாற்றும் பேச்சு அன்றோடு சுவர்த் தலைப்பைக் கட்டும் பேச்சாக மாறியது.

பிள்ளைகளுக்குப் பிடித்ததோ வேறு. 2023இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற முறையில் அதே படங்களை ஓட்டிப் பார்த்தோம். தரையின் மினுக்கமும் வண்ணக் கண்ணாடி வழியே விழும் ஒளியும் அப்படியே வந்தன. சிங்கப்பூரில் இருப்பவர் கைபேசியிலேயே வளவைச் சுற்றி வந்தார். பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் அதன்மேல் அளவுகோல் வைக்காதீர்கள். ஒளி எப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது அது. பரப்பு எங்கே முடிகிறது என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. மராமத்துக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என இரண்டையும் கொடுத்தோம்.

ஊர்ப்பெயரை மறைத்ததற்குக் காரணம் இதுதான். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணுக்கும் செதுக்கிய நிலைக்கும் பழம்பொருள் சந்தையில் நல்ல விலை உண்டு. எந்தச் சாவடிக் கதவு எங்கே இருக்கிறது, எந்த அறைக்கு எந்த வழி என்று அங்குலக் கணக்கில் சொல்லும் ஒரு மாதிரியைப் பொதுவெளியில் ஏற்றுவது திருடனுக்கு வழிகாட்டி அச்சடித்துக் கொடுப்பதாகிவிடும். பங்காளிகள் அனைவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். பெட்டக அறையையும் சாமி அறையையும் எடுக்கவே இல்லை. முகப்பு மட்டும் வெளியாருக்கு. கைபேசிப் படங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் குறிப்பையும் யாருக்கும் அனுப்பும் முன் அழித்துவிட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களில் முகங்கள் தெளிவாக விழுந்திருக்கும். அதையும் கேட்டுக்கொள்வது மரியாதை.

சேமிப்பில் என் கட்சி உறுதியானது: மாதிரி போனாலும் போகட்டும், மூலப் படங்கள் போகக் கூடாது. மென்பொருள்கள் பெயர் மாறும், கோப்பு வகை மாறும், அடுத்த பத்தாண்டில் இன்றைய மாதிரியைத் திறக்கவே ஆள் இல்லாமல் போகலாம். படங்களை எப்போதும் புதிதாகப் பொருத்திக்கொள்ளலாம். பாமியான் புத்தர் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்ட பிறகு, சூரிச் நகரத்து ஆய்வாளர்கள் பெரிய சிலையை மீட்டுருவாக்கியது 1970இல் அளவைக்காக எடுக்கப்பட்டிருந்த மூன்று படங்களை வைத்துத்தான். எடுத்தவர் கையில் இன்றைய மென்பொருள் எதுவும் இல்லை. ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகப் பத்திரப்படுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் படங்களை அறைவாரியாகக் கோப்புறை போட்டு, ரீப்பர் அளவுகளை எழுதிய தாளையும் படமெடுத்து அதனோடு வைத்து, மூன்று வன்வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டோம்.

இரட்டை என்று பெயர் வைத்துவிட்டால் வீடு மாறும்போது அதுவும் மாற வேண்டும். மராமத்து முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஐப்பசி அடைமழை கழிந்ததும் ஒருமுறை என்று திரும்ப எடுத்து, கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் வைத்து ஒப்பிடுவதாகத் திட்டம். அதில் வேறுபாட்டைக் காட்டும் நிறங்கள் பயமுறுத்தும். சுவர் முழுக்கச் சிவந்து காட்டும். உங்கள் மாதிரியின் பிழையே 8 மில்லிமீட்டர் என்றால், சுவர் 3 மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அசையாத கல் ஏதாவது ஒன்றில், எங்கள் வீட்டில் முகப்புப் படிக்கல்லில், நிலைப்புள்ளிகளைப் பதித்து, இரண்டு முறையும் அவற்றை வைத்தே பொருத்த வேண்டும்.

இடைப்பட்ட மாதங்களுக்குப் பெரியவரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறோம். சுவர்த் தலைப்புக்குக் கீழே உள்ள விரிசலை அவர் தன் கைபேசியில் மாதம் ஒருமுறை எடுக்கிறார். பக்கத்தில் எஃகு அளவுகோல் தொங்க, அதே லென்ஸ், ஜூம் இல்லை, தரையில் சுண்ணாம்பால் வரைந்த கட்டத்துக்குள் நின்று ஒன்று, ஓரடி இடப்பக்கம் ஒன்று, ஓரடி வலப்பக்கம் ஒன்று. கட்டத்தை ஆச்சி கோலப் பொடியால் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார், கூட்டும்போது அழிந்துவிடுகிறதாம். வரும் மாதத்தில் கொத்தனாரை அழைத்து அந்த இடத்தில் ஒரு ஆணி அடித்துவிட வேண்டும்.